கருவறை வாசலில் ஒரு ராணுவ அதிகாரி

பிரிஞ்சாங்கில் என் சித்தி வீட்டுக்குப் போனால் முதலில் தேத்தண்ணி வரும், அப்புறம்தான் நலம் விசாரிப்பு. போன முறை இரண்டுக்கும் முன்னால் ஒரு காகிதம் வந்தது. தரைப்படையில் சேரச் சித்தி மகன் இணையத்தில் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி. மதம் என்ற இடத்தில் ‘கிறிஸ்தவம்’ என்று இருந்தது.

“இந்த ஒரு வார்த்தையாலதாம்மா வீட்ல ஒரு வாரமா சண்டை” என்றார் சித்தப்பா.

எங்கள் குடும்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்தி என் அம்மாவைப் போலக் கத்தோலிக்கர். படுக்கப் போகும் முன் ஜெபமாலை சொல்லாமல் விளக்கை அணைக்க மாட்டார். சித்தப்பா மெதடிஸ்ட். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலேயே தமிழ் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தவர். இவர்களுடைய மகள் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போன பிறகு பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிறாள். கிறிஸ்துமஸ் அன்று இந்தக் குடும்பத்தை ஒரே கோவிலில் பார்க்கவே முடியாது. சாப்பாட்டு மேசையில்தான் பார்க்கலாம்.

தம்பிக்கு 21 வயது. எஸ்.பி.எம். முடித்து, காய்கறித் தோட்டத்தில் லோரி ஓட்டி, இப்போது ராணுவம்தான் என்று நிற்கிறான். சித்தப்பாவுக்குப் பெருமை. சித்திக்குப் பயம், ஆனால் அது எல்லா அம்மாக்களுக்கும் வருகிற பயம். சண்டையைக் கிளப்பியது ஈப்போவிலிருந்து மகள் அனுப்பிய ஒரு செய்தியும், அதோடு சேர்ந்து வந்த குரல் பதிவும். “இந்தியாவுல ஒரு கிறிஸ்தவ ஆபிசரை விசுவாசத்துக்காக வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நாளைக்கு இவனையும் எதையாவது கும்பிடச் சொன்னா என்ன செய்வான்?”

சித்தி என்னைப் பார்த்தார். “நீ ரேடியோவுல இருக்க. நாலு விஷயம் தெரிஞ்சவ. அது என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். இது பட்டாளத்துக்குப் போகிற வீட்டுப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2018-இல் நிறுத்தப்பட்ட தேசியச் சேவைப் பயிற்சி 2025 ஜனவரியில் மறுபடி தொடங்கிவிட்டது. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அழைப்பு வரலாம்.

அந்த அதிகாரியின் பெயர் சாமுவேல் கமலேசன். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். 2017 மார்ச்சில் இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட் ஆனார். அவருக்குக் கிடைத்தது மூன்றாவது கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவு. அவருக்குக் கீழ் இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். இந்தியப் படைப்பிரிவுகளில் வாரம்தோறும் வழிபாட்டு அணிவகுப்பு உண்டு. பல முகாம்களில் எல்லா மதத்துக்கும் பொதுவாக ‘சர்வ தர்ம ஸ்தல்’ என்று ஒரே கூடம் இருக்கும். தம்முடைய பிரிவில் கோவிலும் குருத்வாராவும் மட்டுமே இருந்தன, பொதுக்கூடம் இல்லை என்பது கமலேசனின் வாதம்.

அவர் அணிவகுப்புக்குப் போகாமல் இருக்கவில்லை. இதை வாட்ஸ்அப்பில் செய்தி பரப்புகிறவர்கள், இரண்டு தரப்பிலும், விட்டுவிடுகிறார்கள். வீரர்களோடு போவார். காலணியையும் பெல்ட்டையும் கழற்றுவார். தேவைப்பட்டால் தலைப்பாகை கட்டுவார். முற்றத்தில் நின்று பூசையைப் பார்ப்பார். கருவறைக்குள் போய்ச் சடங்கில் கலந்துகொள்ள மட்டும் மாட்டேன் என்றார். ஒரே கடவுளை வணங்கு என்ற கட்டளை தம்மைக் கட்டுப்படுத்துகிறது, நம்பிக்கையில்லாமல் உள்ளே போய் நிற்பது வீரர்களுடைய உணர்வுக்கும் மரியாதை இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

மேலதிகாரிகள் பலமுறை பேசிப் பார்த்தார்கள். ஒரு போதகரிடமும் அழைத்துப் போனார்கள். உள்ளே போவதால் உங்கள் விசுவாசத்துக்குக் குறைவு வராது என்று அந்தப் போதகர் சொன்னார். கமலேசன் ஏற்கவில்லை. 2021 மார்ச்சில், ராணுவ நீதிமன்ற விசாரணை இல்லாமலே, ஓய்வூதியமும் பணிக்கொடையும் இன்றிப் பதவி நீக்கப்பட்டார்.

2025 மே 30-இல் டில்லி உயர்நீதிமன்றம் அந்த நீக்கம் சரி என்றது. இது மதச் சுதந்திரம் பற்றிய வழக்கே அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படிவது பற்றிய வழக்கு என்பது அதன் பார்வை. அவர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். நவம்பர் 25-இல் தலைமை நீதிபதி சூர்ய காந்த், நீதிபதி ஜாய்மால்யா பாக்சி அமர்வும் தலையிட மறுத்துவிட்டது. மற்ற வகையில் நல்ல அதிகாரியாக இருக்கலாம், ஆனால் ராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்ற கருத்து அங்கே வந்தது. போதகரே பரவாயில்லை என்று சொன்ன பிறகு, என் மதம் இதைத்தான் கேட்கிறது என்று தனியாக ஒரு விளக்கம் வைத்துக்கொள்ள முடியாது என்ற கருத்தும் வந்தது.

இதை நான் மேசையில் சொல்லி முடித்ததும் ஈப்போ மகளைக் கைப்பேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அடுத்த அரை மணி நேரம் நடந்தது என்னுடைய எந்த நிகழ்ச்சியிலும் வராத விவாதம்.

அவள் தானியேல் புத்தகத்தை எடுத்தாள். நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்துச் சூளையில் போடப்பட்ட மூன்று பேர். அவர்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள்தான் என்றாள். நல்ல அடி. மேசையில் யாரும் பேசவில்லை.

சித்தப்பா மெதுவாக, “நாகமான் கதையைப் படி” என்றார். “யாரு, நாமானா?” என்றார் சித்தி. பழைய பைபிளில் நாகமான், கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் நாமான். ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்! சிரியா நாட்டுப் படைத்தலைவன். தொழுநோய் நீங்கியதும் இனி இஸ்ரவேலின் கடவுளைத் தவிர வேறு யாரையும் தொழ மாட்டேன் என்கிறான். ஆனால் எலிசாவிடம் ஒரே ஒரு விதிவிலக்குக் கேட்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டுதான் போவார், அவர் குனியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மட்டும் மன்னிக்க வேண்டும் என்று. எலிசா திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிடுகிறார்.

அதாவது, கமலேசன் நின்ற அதே வாசலில் பைபிளுக்குள்ளேயே இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். ஒருவன் உள்ளே போனான், மற்றவர்கள் மறுத்தார்கள். இரண்டு பேரையும் வேதம் குறை சொல்லவில்லை. எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் சபைக்குச் சபை, ஆளுக்கு ஆள் மாறுகிறது.

சித்தி எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. “செபஸ்தியார் பட்டாளத்துலதானே இருந்தாரு” என்றார். உண்மைதான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் கொடியேற்றித் திருவிழா எடுக்கும் செபஸ்தியார் ரோமாபுரிப் படைவீரர். அம்புக்கு இரையானது அப்புறம்.

எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது அந்தப் போதகர் விஷயம். ஒழுக்கம் பற்றி ராணுவம் சொல்வதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. போர்க்களத்தில் என் பின்னால் வா என்று சொல்ல வேண்டிய அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை பத்தடி தள்ளி நின்றால் வீரனுக்கு அது மரியாதையாகத் தெரியுமா, ஒதுக்குவதாகத் தெரியுமா? கமலேசன் அந்தப் பத்தடியைக் கொஞ்சம் லேசாக எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் ‘போதகர் சொல்லிவிட்டார், முடிந்தது’ என்பது வேறு விஷயம். கத்தோலிக்கர்களான எங்களுக்குப் பங்கு குரு, ஆயர், போப் என்று ஒரு படிவரிசை இருக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகள் பிறந்ததே அந்தப் படிவரிசையை எதிர்த்துத்தான். மார்ட்டின் லூத்தர் 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்று என் மனச்சாட்சி வேதத்துக்குக் கட்டுப்பட்டது என்றுதானே வாதாடினார்? அப்படிப்பட்ட மரபில் வந்தவனிடம் இன்னொரு போதகரின் அனுமதிச் சீட்டைக் காட்டினால் எப்படி எடுபடும்? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான். உள்ளே அப்படி இல்லை.

இதே இந்திய உச்சநீதிமன்றம் 1986-இல் வேறு மாதிரி பேசியிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நமக்கு விநோதமாகத் தெரியலாம், அது உண்மையான நம்பிக்கையா என்பதுதான் கேள்வி என்றது நீதிமன்றம். ஆனால் பள்ளி வேறு, படை வேறு. ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று இந்திய அரசமைப்பின் 33-ஆவது பிரிவே சொல்கிறது.

அந்தப் போதகர் கதையைப் படித்தபோது எனக்கு மாக்சிமிலியன் ஞாபகம் வந்தார். ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில், கி.பி. 295 மார்ச் 12-இல் ரோமப் படைக்கு ஆள் எடுத்தார்கள். அவருக்கு 21 வயது. உயரம் அளந்து, கழுத்தில் படையின் ஈய முத்திரையை மாட்டப் போனபோது, நான் கிறிஸ்தவன், சேவகம் செய்ய மாட்டேன் என்றார். பேரரசர்களின் மெய்க்காப்பாளர்களிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று ஆளுநர் கேட்டார். அவர்களுக்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கு இதுதான் என்பது மாக்சிமிலியன் சொன்ன பதிலின் சாரம். அன்றே தலை போனது. அவருடைய அப்பாவே ஆளெடுப்பு வேலையில் தொடர்புள்ளவர், மகனை வற்புறுத்த மறுத்துவிட்டார். மெய்க்காப்புப் படையில் இருந்த செபஸ்தியாரும் புனிதர், படையில் சேர மறுத்த மாக்சிமிலியனும் புனிதர். எங்கள் சபையிலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இந்த இரட்டை வழி இன்றுவரை ஓடுகிறது. லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, நியாயமான போரில் கிறிஸ்தவன் படைவீரனாக இருக்கலாம் என்கிறது. ஆங்கிலிக்கர்களின் 39 கோட்பாடுகளில் 37-ஆவதும் அதையே சொல்கிறது. அதற்கு முன்பே, 1527-இல், மெனோனைட்களின் முன்னோர் வாளே கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். செவந்த்-டே அட்வென்டிஸ்ட் சபைக்காரரான டெஸ்மண்ட் டாஸ் அமெரிக்கப் படையில் சேர்ந்தார், ஆனால் துப்பாக்கியைத் தொடவில்லை. மருத்துவ உதவியாளராக 1945-இல் ஓக்கினாவாவில் 75 பேர் வரை காப்பாற்றியதாகச் சொல்லி அந்த நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். ‘ஹேக்சா ரிட்ஜ்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஈப்போ தங்கைக்கு நான் சொன்ன ஒரு தகவல் அவளுக்கே புதிது. பெந்தேகோஸ்தே சபைகளில் பெரியதான அசெம்பிளிஸ் ஆஃப் காட், 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஆயுதம் எடுத்து உயிரைப் பறிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை என்று அரசாங்கத்துக்குத் தெரிவித்தது. 50 ஆண்டு கழித்து, 1967-இல், அதை மாற்றி அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. “எங்க பாஸ்டர் இதைச் சொன்னதே இல்லையே” என்றாள். சில விநாடி ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அவளைப் பேசவிடாமல் செய்த பெருமை எனக்கு உண்டு.

யெகோவாவின் சாட்சிகள்தான் இதில் கடைசி எல்லை. சீருடையே போட மாட்டார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் தேசிய சேவை கட்டாயம். 1972-இல் அந்தச் சபையின் பதிவை அரசு ரத்து செய்தது. மறுக்கும் இளைஞர்கள் ராணுவத் தடுப்புக்காவலுக்குப் போகிறார்கள். தென்கொரியாவிலும் பல்லாண்டுகளாகச் சிறைதான். 2018-இல் அரசமைப்பு நீதிமன்றம் மாற்றுவழி வேண்டும் என்று சொன்ன பிறகு, 2020 முதல் 36 மாதம் சிறைச்சாலைகளில் பணி செய்தால் போதும் என்று ஆனது. கைதியாகப் போனவர்கள் இப்போது அங்கே வேலையாளாகப் போகிறார்கள்.

தமிழ் மண்ணுக்கும் இந்தப் பாடம் பழையது. 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களிடம் நெற்றியில் சாதி, சமயக் குறி இடாதே, தாடியை மழி, தோல் முடிச்சு வைத்த புதுத் தொப்பி போடு என்றார்கள். எல்லாரையும் கிறிஸ்தவர்களாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. முடிவில் அந்த உத்தரவும் போனது, ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அன்று பயந்தவர்கள் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள். வாசலில் நிற்கும் ஆள்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறான்.

சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன? சித்தியின் கேள்வி அதுதானே.

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 11-ஆவது பிரிவு, அவரவர் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதைவிட நேரடியாகப் பேசுவது 12(3). தன்னுடையது அல்லாத மதத்தின் போதனையைப் பெறவோ, சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கேற்கவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. கல்வி பற்றிய பிரிவில்தான் இது வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆயுதப் படையில் சமயப் பணிக்கென்று உள்ள கோர் ஆகாமா முஸ்லிம் வீரர்களுக்கானது. அரச மலாய்ப் படைப்பிரிவில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேரலாம். அரச ரேஞ்சர் படைப்பிரிவில் எல்லா இனத்தவரும் உண்டு. சபா, சரவாக்கிலிருந்து வரும் கிறிஸ்தவர்கள் அதிகம் தென்படும் இடமும் அதுதான். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், எஸ்.ஐ.பி. என்று அவர்களுக்குள்ளேயும் பல சபை.

அரசு விழாவில் டோவா ஓதும்போது அமைதியாக நிற்பது நமக்குப் பழக்கம். பள்ளிக்கூடச் சபைகூடலிலேயே கற்றுக்கொண்டோம். யாரும் நம்மை ஓதச் சொன்னதில்லை, நாமும் நகர்ந்து போனதில்லை. கமலேசன் முற்றத்தில் நின்றபோது அவர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆனா அவரு ஆபிசர்மா. நாம பின்வரிசையில நிக்கிற ஆளு” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை பசியாறிவிட்டுத் தம்பியைக் காடியில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா பக்கம் போனேன். போகிற வழியில் ஆல் சோல்ஸ் ஆங்கிலிக்கத் தேவாலயம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அவன் அதைக் கடந்து போகிறான், நானும் எத்தனையோ விடுமுறையில் கடந்திருக்கிறேன். ஒருநாளும் நிறுத்தியதில்லை. நம்ம சபை இல்லையே!

அவசரகாலத்தில் இந்த மலையில் பிரிட்டிஷ் படை இருந்தது. படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தானா ராத்தாவில் ஸ்லிம் பள்ளி நடந்தது. சிங்கப்பூர் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய குமாரி கிரிஃபித்-ஜோன்ஸ் இங்கேயும் ஒரு விடுதிப் பள்ளி நடத்தியவர். தேவாலயத்துக்கான நிலம் அவர் கொடுத்தது. கட்டடம் ராணுவம் கொடுத்தது, அதுவும் ஒரு நிஸ்ஸன் கொட்டகை. நெளிதகரத்தை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்தது போல இருக்கும், சிப்பாய்கள் படுக்கும் இடத்துக்கும் சாமான் வைக்கும் இடத்துக்கும் ராணுவம் போடுவது. 1950-களின் கடைசியில் அது கோவிலாயிற்று.

கதவு சாத்தியிருந்தது. தம்பி வெளியே நின்று கூரையைப் பார்த்தான். “பாரெக் மாதிரியே இருக்குக்கா.”

“பாரெக்தான்” என்றேன்.

அங்கேயே நின்று அவனிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எதைச் செய்வாய், எதைச் செய்ய மாட்டாய் என்பதைப் போவதற்கு முன்பே நீயே முடிவு பண்ணு. நிற்பாயா, கைகட்டுவாயா, குனிவாயா, பிரசாதம் வாங்குவாயா என்று ஒவ்வொன்றாக. அம்மாவின் ஃபாதரிடமும் கேள், அப்பாவின் போதகரிடமும் கேள். இரண்டு பேரும் வேறு வேறு சொல்வார்கள், பயப்படாதே. முடியாது என்று ஏதாவது இருந்தால் முதல் வாரத்திலேயே, தனியாக, மரியாதையாக மேலதிகாரியிடம் சொல். அணிவகுப்பு நடக்கும்போது வாசலில் நின்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போக அனுமதி எப்படி என்பதையும் நேர்முகத் தேர்விலேயே கேள், அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

“குனியச் சொன்னா?” என்றான்.

“அதை நான் சொல்ல முடியாதுடா.”

அவன் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. நாகமான் எந்த அதிகாரம் என்று கேட்டான். 2 இராஜாக்கள் 5 என்றேன், அம்மாவின் பைபிளில் 2 அரசர்கள் என்று தேடு என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

தேர்வு அடுத்த மாதம். தேறினால் போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சி. சித்தி இப்போதே அவனுடைய பர்ஸில் செபஸ்தியார் படத்தை வைத்துவிட்டார். சித்தப்பா சட்டைப்பைக்குள் அடங்கும் புதிய ஏற்பாடு ஒன்று வாங்கியிருக்கிறார். ஈப்போ தங்கை அவனுக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறாளாம். போகக் கூடாது என்று இப்போது சொல்வதில்லை.